அம்மா வரைந்த கடிகாரம்

வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரே செலவை அம்மா மூன்று பக்கங்களில் எழுதி வைத்திருந்தாள். வயதானால் மறதி சகஜம்தானே என்று அதுவரை தள்ளிப்போட்டு வந்த நான், அன்றுதான் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

ஒரே நாளில் பதில் தெரிந்துவிடும் என்று நம்பிப் போனேன். ஆறு வாரம் ஆனது. அல்சைமர் என்ற மறதி நோய்தான் என்று சொல்வதற்கு முன் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டுமாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் இதே மாதிரி மறதி வரலாம், அதற்கெல்லாம் சிகிச்சை உண்டு. அம்மாவின் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. எதிலாவது குறை இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை, பக்கவாதத்தின் தடமும் இல்லை. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மட்டும் சுருங்கியிருந்தது.

நினைவுப் பரிசோதனையைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மொத்தம் 30 மதிப்பெண். இன்றைய தேதி, மூன்று சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்வது, 100லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. அப்புறம் தனியாக ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டாள். எண்களையும் எழுதினாள். ஒரு முள்ளை 11லும் இன்னொன்றை 10லும் வைத்துவிட்டு, "சரியா இருக்கா?" என்று என்னைப் பார்த்தாள்.

இப்படிப் போகிறவர்கள் மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அவள் தடுமாறிய இடங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாகப் பேசியபோதுதான், கேட்டதையே ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று கேட்டேன். "புது நினைவுகள் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். நீங்கள் சொன்ன பதில் அவருக்குப் பதியவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவையாகத்தான் கேட்கிறார்" என்றார். "இப்பதானே சொன்னேன்!" என்று நான் கத்திய மாதங்கள் எல்லாம் கண்முன் வந்தன.

டொனெபெசில் மாத்திரை தொடங்கினார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நோயை இது நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் குமட்டல் இருந்து அடங்கியது.

சாயங்காலம்தான் கஷ்டம். வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பாள். இதுதான் வீடு என்று வாதாடினால் பதற்றம் கூடும். "அந்த வீட்டைப் பத்திச் சொல்லும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தால், சின்ன வயதில் இருந்த வீட்டை அறை அறையாகச் சொல்கிறாள். அது இன்னும் அழியவில்லை.

கணக்கு நோட்டு இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. கூட்டல் தப்பாக வருகிறது. நான் திருத்துவதில்லை. இன்னொரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.