கருநீலக் காரும் மைக்ரோஃபைபர் துண்டும்

கார் செகண்ட் ஹேண்ட், நிறம் கருநீலம். நிழலில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். முந்தைய உரிமையாளர் காலத்தில் காய்ந்த துணியால் தினமும் தூசி தட்டித் துடைத்ததன் அடையாளம் அது. பாலிஷ் போட்டு எடுத்தாயிற்று. ஆனால் பாலிஷ் என்பது நிறத்துக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விடவும் மெல்லியது. அடிக்கடி தேய்க்க அதில் இடமில்லை. புதுக் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்காகத் துண்டு விஷயத்தில் இறங்கினேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கழுவிய கார் மாலைக்குள் மண் பூசி நிற்கும். அதுவும் உவரிக் கடற்கரை வரை போய்விட்டு வந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் கரையோர மணலில் கார்னெட் கலந்திருக்கிறது, செந்நிறமாகத் தெரியும். உப்புத்தாளில் ஒட்டித் தேய்க்கப் பயன்படும் கனிமம் இதே கார்னெட்தான். சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸும் கடினத்தில் அதற்குச் சளைத்ததில்லை. இந்த மண் மேலே இருக்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த துண்டை வைத்துத் துடைத்தாலும் கீறல் விழும். கீறுவது துண்டு இல்லை, துண்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிய மண்.

அதனால் என் வீட்டில் முதல் சட்டம்: காய்ந்த காரில் காய்ந்த துண்டு படவே கூடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்க வேண்டும். ஷாம்பூ போட்டுக் கழுவ ஒரு வாளி, கழுவும் கையுறையை அலச இன்னொரு வாளி. துண்டுக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "பழைய ஈரிழைத் துண்டு போதும்லா தம்பி, இதுக்குன்னு தனியா வாங்கணுமா?" நியாயமான கேள்விதான். பருத்தித் துண்டு தண்ணீரை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் மிச்சமிருக்கும் தூசியைத் தள்ளிக்கொண்டே போகும். மைக்ரோஃபைபரில் பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்திருக்கும், பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30. ஒவ்வொரு இழையும் நெடுக்கில் பிளந்திருப்பதால் நடுவில் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். தூசியும் நீரும் அதற்குள் போய் உட்காரும். பூத்துண்டு போல மயிர் நீண்ட வகையில் தூசி உள்ளே ஆழமாக இறங்கும், பெயிண்டில் உரசாது. பாலிஷ், வேக்ஸ் எடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 300-350 கிராம் எடையுள்ள துண்டு வசதியாக இருக்கிறது. நீர் துடைக்க 500 கிராமுக்கு மேல் உள்ள தடித்த துண்டு வைத்திருக்கிறேன்.

வாங்கியதும் லேபிளை வெட்டி எடுத்துவிடுவேன். கடின நூலால் விளிம்பு தைத்த துண்டை பானட் பக்கமே கொண்டுபோவதில்லை. அது கதவின் உள்பக்கத்துக்கும் டயருக்கும் போகிறது. தையல் இல்லாமல் வெட்டிய விளிம்புள்ள துண்டுதான் பெயிண்டுக்கு.

பழைய சிடி ஒன்றின் பின்புறத்தில் துண்டுகளை உரசிப் பார்த்தேன். தையல் விளிம்பு மெல்லிய கோடு போட்டது, புதுத் துண்டின் நடுப்பகுதி ஒன்றும் செய்யவில்லை. சிடியின் பிளாஸ்டிக் க்ளியர் கோட்டை விட மென்மையானது, அதனால் இந்தச் சோதனையில் தேறாத துண்டு காரையும் கட்டாயம் கீறும் என்று சொல்ல முடியாது. தேறியதைத் தைரியமாக எடுக்கலாம், அவ்வளவுதான்.

அதிக நேரம் போனது துண்டைத் துவைப்பதில். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயவைத்த துண்டு அப்பளம் போல விறைத்துவிடும். இழைகளுக்குள் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து விறைப்பாவதுதான் காரணம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் கடைசி அலசல் அலசியபோது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. ஏற்கெனவே விறைத்த துண்டுகளை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். பழைய மென்மை முழுதாக வரவில்லை, ஆனால் நன்றாகவே தளர்ந்தது. வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். ப்ளீச் இழையையும் கெடுக்கும்.

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் வேண்டாம். இழைமேல் படலம் போட்டு, உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். தூள் சோப்பு சரியாகக் கரையாமல் மடிப்பில் தங்கும், அதனால் திரவ சோப்புதான் போடுகிறேன். பனியன், வேட்டியோடு சேர்த்துப் போட்டால் பருத்திப் பஞ்சு எல்லாம் துண்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக இறங்கும். தனியாகவே துவைக்கணும். அதிக சூட்டில் உலர்த்தினாலும் இழை கெடும். மொட்டை மாடியில் காயப்போட்டால் காற்று மண்ணை வீசுகிறது என்பதால் வீட்டுக்குள் கொடி கட்டியிருக்கிறேன். காய்ந்ததும் மூடியுள்ள டப்பா.

துடைக்கும்போது துண்டை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பகுதி முடிந்ததும் பக்கத்தை மாற்றுவேன். நீர் எடுக்கத் தடித்த துண்டை விரித்து, இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தாலே போதும். அழுத்தித் தேய்ப்பதில்லை. வெயிலுக்கு முன்பே இதை முடிக்கணும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் காய்ந்து பொட்டுப் பொட்டாக நிற்கும். துண்டு தரையில் விழுந்தால் அன்று அதற்குக் காரில் வேலை இல்லை, நேரே துவைக்கப் போகும்.

இப்போதைய நிலவரம்: பானட்டில் வெயில் பட்டாலும் புதிதாக வட்டக் கீறல் எதுவும் தெரியவில்லை. பின்கதவுக்குக் கீழே, சக்கரம் மண்ணை வாரி அடிக்கும் இடத்தில் மட்டும் சில கோடுகள் இருக்கின்றன. அங்கே கழுவும் கையுறையைத் தனியாக வைத்துப் பார்க்கப் போகிறேன். மழைக் காலம் முடிந்து, சேறு காய்ந்து ஒட்டும் நாளில் அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதுகிறேன்.