விரல் மூட்டு மாற்று: கட்டு பிரித்த பிறகுதான் வேலையே

முடக்குவாதத்தால் என் வலது கை விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. விரல் உள்ளங்கையோடு சேரும் பெரிய கணுக்கள் நழுவி இறங்கியதில் விரல்களை விரிக்கவே முடியவில்லை. எதையாவது பிடிக்க வேண்டுமென்றால் இடது கையால் அவற்றைப் பிரித்துவிட வேண்டும். வலி வேறு. மருந்து நோயை அடக்கியது, ஆனால் ஏற்கெனவே அரித்துப்போன மூட்டை அது என்ன செய்யும்?

கை அறுவை மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "வலி குறையும், விரல் நேராகும். பிடியில் பெரிய பலம் வந்துவிடாது. முழுசா மடங்கவும் மடங்காது." எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. நுனி மூட்டு என்றால் பெரும்பாலும் அசையாமல் இணைத்துவிடுவார்களாம். எனக்குக் கணுக்களில் சிலிகோன் மூட்டு. 1960களில் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் உருவாக்கிய வகை. நடுவில் வளையும் பாகம், இருபுறமும் எலும்புக்குள் செருகும் காம்பு. அதைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்பு மருந்து விஷயம். நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து தொடர்ந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் பயாலஜிக் ஊசியை மட்டும் தொற்று பயத்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டார்கள். இதை வாதநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. கழுத்துக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடக்குவாதம் கழுத்து எலும்பையும் விட்டுவைக்காது என்பதால்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்குளில் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைத்தார்கள். விழித்துத்தான் இருந்தேன். வலி இல்லை, யாரோ இழுப்பது மட்டும் தெரிந்தது.

கட்டு பிரித்ததும்தான் ஆட்டம் ஆரம்பம். முன்கையில் ஒரு ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் அச்சு), அதிலிருந்து மேலே நீளும் கம்பி, கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலுக்கும் ரப்பர் பேண்ட். நாம் விரலை மடக்க வேண்டும், ரப்பர் அதைத் தூக்கிவிடும், கட்டைவிரல் பக்கமாக லேசாக இழுத்தும் வைக்கும். பகலில் மணிக்கொரு தரம் பயிற்சி, இரவுக்கு வேறு ஸ்பிளின்ட். சுமார் 6 வாரம் இதே கதை. அந்த வாரங்களில்தான் உறை இறுகுகிறது. அசைக்காமல் விட்டால் விரல் விறைக்கும், கோணலாக விட்டால் கோணலாகவே நிலைக்கும். என் சுண்டுவிரல்தான் முரண்டு பிடித்தது. கைப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அதன் வளையத்தைக் கம்பியில் அரை விரற்கடை நகர்த்தினார். அடுத்த முறை மடக்கியபோது விரல் மற்றவற்றோடு வரிசையாக வந்தது. அத்தனை நுணுக்கம் அந்த வேலையில். தெரபிஸ்ட் கிடைக்காத இடத்தில் இந்த அறுவையைச் செய்துகொள்ள வேண்டாம் என்பேன்.

இப்போது பட்டன் போடுகிறேன், பேனா பிடிக்கிறேன். கனமான பையை மட்டும் முழங்கையில் மாட்டிக்கொள்வேன். சிலிகோன் வருடங்கள் போனால் உடையலாம், உடைந்தும் பலருக்கு விரல் வேலை செய்கிறது என்றார் மருத்துவர். இடது கையும் சாயத் தொடங்கியிருக்கிறது. தேதி குறிக்கும் முன், அந்த 6 வாரமும் தலை சீவிவிட, சோறு பிசைந்து தர வீட்டில் ஆள் இருக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.