காலிக் குழாய்க்கும் வாடகை உண்டு

ஆலைகளில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விடாமல் பிடித்து, நிலத்தடியில் செலுத்தக் குழாயில் அனுப்ப டன்னுக்கு எவ்வளவு ஆகும் என்று தேடினால், கட்டுரைகளில் பெரும்பாலும் ஐந்து டாலர், பத்து டாலர் என்றுதான் வருகிறது. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். குழாய் நிரம்பி ஓட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் எங்கோ அடிக்குறிப்பில் கிடக்கும்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2020இல் ஓடத் தொடங்கிய கார்பன் டிரங்க் லைன் என்ற குழாயைப் பாருங்கள். 240 கிலோமீட்டர் நீளம். முழுத் திட்டத்துக்கும் ஆன செலவு சுமார் 120 கோடி கனடா டாலர். ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம் டன் கொள்ளும். ஆனால் தொடக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் ஓர் உர ஆலையும் சேர்ந்து கொடுத்தது 16 லட்சம் டன் அளவுக்குத்தான். நானே தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன்: முதலீட்டுக்கு வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் 12 கோடி டாலர். குழாய் நிரம்பினால் டன்னுக்கு 8 டாலர், 16 லட்சம் டன் மட்டும் போனால் 75 டாலர். அதே குழாய், அதே மண்!

அப்படியென்றால் சின்னதாகப் போட்டிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், போகும் அளவோ ஐந்து மடங்குக்கும் மேல். பின்னால் ஆலைகள் வரும் என்று நம்பிப் பெரிதாகப் போடுவதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. வரும்வரை யார் பணம் கட்டுவது என்பதுதான் கேள்வி. ஆல்பர்ட்டாவில் கணிசமான பங்கை அரசு ஏற்றுக்கொண்டது.

அப்புறம், இந்த வாயுவை அப்படியே குழாயில் விட்டுவிட முடியாது. 74 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தினால்தான் திரவம் மாதிரி அடர்த்தியாகும், நடைமுறையில் 100 பாரைத் தாண்டித்தான் அனுப்புகிறார்கள். அழுத்த மட்டும் டன்னுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம் போகிறது. ஈரம் துளி இருந்தாலும் கார்பானிக் அமிலமாகி எஃகை அரித்துவிடும் என்பதால் முதலில் நன்றாக உலர்த்தவும் வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா பக்கம் கதை வேறு. எத்தனால் ஆலைகளின் நொதித்தல் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்ட சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. பிடிக்கப் பெரிய செலவில்லை, செலவெல்லாம் கொண்டுபோவதில்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளை ஐந்து மாநிலங்களில் 4,000 கிலோமீட்டர் குழாயால் இணைத்து நார்த் டகோட்டாவில் புதைப்பது சம்மிட் நிறுவனம் போட்ட திட்டம். 2021இல் 450 கோடி டாலர் ஆகும் என்றார்கள், பிறகு அது 890 கோடியானது. புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச்சலுகை கிடைப்பதால்தான் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவு ஏறியதற்கு எஃகு மட்டும் காரணமில்லை. அயோவா வயல்களுக்கு அடியில் தண்ணீர் வடிய வடிகால் குழாய்கள் பதித்திருப்பார்கள். அதற்குள் குறுக்கே பள்ளம் தோண்டினால் எந்த விவசாயி சும்மா இருப்பார்? அதோடு 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சடார்ஷியா ஊருக்கு அருகே, மழையில் மண் சரிந்து இப்படி ஒரு குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில் தேங்கி, ஆக்சிஜன் இல்லாமல் கார்கள் நடுவழியில் நின்றுபோயின, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஊரை ஒட்டிக் குழாய் போட யாரும் லேசில் ஒப்புவதில்லை. ஒதுங்கிப் போனால் நீளம் கூடும், வழக்கு நீளும், வட்டி ஓடும். இதே மாதிரி குழாய் போடவிருந்த நேவிகேட்டர் நிறுவனம் 2023இல் தன் திட்டத்தையே கைவிட்டது. சவுத் டகோட்டா 2025இல் இந்தக் குழாய்களுக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. இந்தச் செலவையெல்லாம் எந்த டன் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவே நெப்ராஸ்காவிலிருந்து வயோமிங் வரை டிரெயில்பிளேசர் குழாய்க்காரர்கள் சத்தமில்லாமல் வேறு வழி பார்த்தார்கள். ஏற்கெனவே மண்ணுக்குள் கிடந்த இயற்கை எரிவாயுக் குழாயையே மாற்றிக்கொண்டார்கள், நிலக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக 2024இல் ஒப்பந்தமும் போட்டார்கள். சம்மிட்காரர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்கலாம்.