குத்துமதிப்பா, எடை போட்டதா?

“இது குத்துமதிப்பாச் சொல்றதா, எடை போட்டதா தம்பி?” என்று அக்கா கேட்டார். “கம்ப்யூட்டர் போட்ட கணக்குக்கா, தப்பாது” என்றேன். பதின்மூன்று மாதங்கள் ஆகியும் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு விற்கும் அவருடைய இணையதளத்தை மூன்று போட்டித் தளங்களோடு ஒப்பிட்டு, தேடலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அன்று ஓர் அறிக்கை கொடுத்திருந்தேன். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. ஆனாலும் தேடலில் எங்களை முந்தி நின்ற மூன்று தளங்களுமே சமவெளிக்காரர்களுடையவை. அவற்றுக்கு நேரே ஆயிரக்கணக்கில் வருகைகள் இருந்தன. எங்களுக்கு நேரே பூஜ்யம். “என் போன்ல தேடினா நாமதானே முதல்ல வர்றோம்?” என்று அக்கா முதலில் கேட்டார். தேடுகிறவர் இருக்கும் ஊருக்கேற்ப முடிவுகள் மாறும், பூம்பாறையில் தேடினால் பூம்பாறைக் கடைதான் முன்னால் வரும், மதுரையில் தேடுகிறவருக்கு அப்படி வராது என்று விளக்கினேன். அது சரியான விளக்கம்தான். அதைச் சரியாகச் சொல்லிவிட்ட தெம்பில்தான் அடுத்த கேள்விக்கும் அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

போட்டியாளரின் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அந்தத் தளத்தின் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். நான் பயன்படுத்திய கருவி, தன்னிடமுள்ள தேடற்சொற்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தளம் எத்தனாவது இடத்தில் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இருப்பதை இத்தனை பேர் தொடுவார்கள் என்ற அனுமானத்தால் பெருக்கிச் சொல்கிறது. வயலில் நிற்கும் பூண்டைப் பார்த்து வியாபாரி மூட்டைக் கணக்கு சொல்வதைப் போன்றதுதான் இதுவும். அக்காவுக்கு அந்த வேறுபாடு பிறந்ததிலிருந்தே தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டார். அந்தப் பட்டியலில் தமிழ்ச் சொற்கள் அநேகமாக இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. எங்கள் பூஜ்யம் அங்கிருந்து வந்தது.

எடை போட்ட கணக்கு என் கையிலேயே இருந்தது. தளத்தின் சொந்தக்காரருக்குக் கூகுளே தேடல் கணக்கைக் காட்டும் சர்ச் கன்சோலில் எங்கள் தளத்தின் உண்மையான கிளிக்குகள் இருந்தன. அதையும் திறந்தேன், ஆனால் மேலே தெரிந்த சராசரி இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். அது 31 என்று காட்டியது. ஆங்கிலச் சொற்களுக்கு நாற்பதாம், ஐம்பதாம் இடங்களில் தளம் தலைகாட்டிய தடவைகளையெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி அது. சொல் வாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால், ‘மலைப்பூண்டு’ என்று தமிழில் தேடியவர்களுக்கு நாங்கள் நான்காம் இடத்தில் இருந்ததும், வந்த கிளிக்குகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததும் தெரிந்திருக்கும்.

அந்தப் பூஜ்யத்தை நம்பி, ஆறு தமிழ்ப் பக்கங்களையும் எடுத்துவிட்டு ஆங்கிலப் பக்கங்களை வைக்கலாம் என்றேன். அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கும் பூண்டுக் கொத்துகளுக்குக் கீழே உட்கார்ந்து அக்கா சொல்லச் சொல்ல, அவர் மகள் நோட்டில் எழுதி, பிறகு தட்டச்சு செய்த பக்கங்கள் அவை. “நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்யுங்க” என்றார் அக்கா.

ஆங்கிலப் பக்கங்கள் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு மாதந்தோறும் மூட்டைக் கணக்கில் வாங்குகிறார். வருமானம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. அதை நினைக்கும்போது என் யோசனை தப்பில்லை என்று தோன்றுகிறது. ஆனால் தமிழை எடுக்காமலே ஆங்கிலத்தைச் சேர்த்திருக்கலாமே என்று உடனே மனம் கேட்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மருமகளுக்குப் பிரசவமாகியிருக்கிறது, பத்தியத்துக்கு அரைக் கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்டு வந்த அழைப்புகள் நின்றுவிட்டன. “இப்ப யாரும் கூப்பிடறதில்லையே தம்பி” என்று அக்கா இரண்டு முறை சொன்னார். ஒருவேளை அவர்கள் அழைப்பை விட்டு வாட்ஸ்அப்புக்கு மாறியிருக்கலாம் என்று முதல் முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறைதான் சர்ச் கன்சோலைச் சொல் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

தமிழ்ப் பக்கங்களைத் திரும்ப ஏற்றி ஏழு வாரங்கள் ஆகின்றன. “தமிழும் இருந்தா நல்லதுக்கா” என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. நான்காம் இடத்தில் இருந்த சொல் இப்போது பதினொன்றில் நிற்கிறது. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் காட்டும். அந்தப் பழைய கிளிக்குகள் ஏற்கெனவே ஒவ்வொரு நாளாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் மூன்று மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சாது, நானாகச் சொன்னாலன்றி எவருக்கும் தெரியவராது. அதனால் மிச்சமிருந்ததைப் பதிவிறக்கி, அச்செடுத்து, அக்காவின் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். மாத அறிக்கையோடு இரண்டு முறை பூம்பாறைக்குப் போய்வந்தேன். அந்தத் தாளை இன்னும் வெளியே எடுக்கவில்லை.