ஆற்றின் இந்தக் கரையில் ஒரு வீடு

நொந்தபுரியில் வீடு பார்க்கப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னதும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வேறு ஊரே கிடைக்கவில்லையா? பெயரிலேயே நொந்துபோய் இருக்கிறதே" என்றார். தாய்லாந்துக்காரர்களின் உச்சரிப்பில் அது அப்படி ஒலிக்கிறது, மூலச்சொல் 'நந்த'தான், மகிழ்ச்சி என்று பொருள், நீங்கள் நந்தபுரி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

நாங்கள் பாங்காக் வந்தது 2024 பிப்ரவரியில். எனக்குச் சேங் வத்தனா சாலையில் வேலை. கணவருக்கு அலுவலகம் நகரின் நடுவே, சீலோமில். மகளுக்கு ஏழு வயது. முதல் நான்கு மாதங்கள் என் அலுவலகத்துக்கு அருகே மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினோம். வாடகை சகாயம்தான், மின்கட்டணம்தான் கசந்தது. கட்டட நிர்வாகம் யூனிட்டுக்கு எட்டு பாட் வாங்கியது. மின்வாரியத்தின் சராசரி விலை அப்போது நான்கு பாட்டுக்குச் சற்று மேல். ஏப்ரல் வெக்கையில் ஏ.சி. போடாமல் குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. அந்த மாத ரசீதைக் கையில் வாங்கியபோதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: இனி எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, மின்கட்டண ரசீது வாரியத்திலிருந்து நேராக வருகிறதா என்பதுதான். வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நொந்தபுரியைத் தேர்ந்தெடுக்கப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. பாங்காக்கை ஒட்டிக்கொண்டிருக்கும் மாகாணம். மின்சாரமும் குடிநீரும் தலைநகருக்கு வழங்கும் அதே வாரியங்கள்தான் இங்கேயும் வழங்குகின்றன. என் அலுவலகத்திலிருந்து மாகாண எல்லை சில நிமிடத் தொலைவுதான். ஆனால் நொந்தபுரிக்குள் எங்கே என்ற கேள்விக்கு விடை காண எங்களுக்கு மூன்று மாதமாயிற்று.

சாவோ பிரயா ஆறு மாகாணத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. கிழக்குக் கரையில் பழைய நகரம், பாக் கிரெட், பாங்காக்குக்குப் போகும் சாலைகள். மேற்குக் கரையில் பாங் யை, பாங் புவா தோங், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வீடுகள். அலுவலகத்தில் எல்லோரும் மேற்கைத்தான் சொன்னார்கள். வீடு பெரிது, வாடகை குறைவு, 2016 முதல் ஊதா நிற மெட்ரோ வேறு ஓடுகிறது, எவ்வளவு தூரம் போனாலும் இருபது பாட்டுக்கு மேல் டிக்கெட் இல்லை என்றார்கள். அப்போது எல்லாம் உண்மைதான். அப்படியே ஒரு சனிக்கிழமை காலை பாங் புவா தோங்கில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்து மயங்கிப்போனோம். முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் துணி உலர்த்தக் கொல்லை. வாடகை 9,000 பாட். அன்றே முன்பணம் கொடுக்கக் கணவர் தயாராகிவிட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பிடித்துவிட்டால் அதே வீட்டை ஒரு வேலைநாளில், வேலைக்குப் புறப்படும் நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டேன். வரைபடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர். தெரு வளைந்து வளைந்து போனது. ஒரு கால்வாயோரம் வந்து நின்றது. சுற்றிக்கொண்டு வேறு தெருவைப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு கண்ணெதிரே தெரிகிறது, ஆனால் குறுக்கே போக வழியில்லை.

காரணம் பின்னால் புரிந்தது. இந்த மண் முழுக்கப் பழத்தோட்டமாக இருந்தது. மண்ணை மேட்டுப் பாத்திகளாக உயர்த்தி, இடையே நீர் நிற்கும் வாய்க்கால் விட்டு, மேட்டில் டுரியனும் மாவும் மங்குஸ்தானும் வளர்த்தார்கள். வீட்டுக்கு வாசல் கால்வாய்ப் பக்கம், போக்குவரத்து படகில். சாலைகள் வெகு காலம் கழித்து வந்தன. தோட்டம் தோட்டமாக விற்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிக் குடியிருப்பாகி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். 'சோய்' என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்துகள் இன்றும் பழைய கால்வாய்கள் போன தடத்திலேயே போகின்றன. நடைபாதை கிடையாது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஓட்டும் வாடகை மோட்டார்சைக்கிள்தான் கதி. அன்று காலை அதற்கும் வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பள்ளிப் பையோடு மகளைப் பின்னால் உட்காரவைத்து அந்தச் சந்தில் போவதை நினைத்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. காரில் போகலாமே என்றால், மேற்குக் கரையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காலையில் ஏதாவது ஒரு பாலத்தில் ஏறியாக வேண்டும். ரத்தனாதிபெத் சாலைப் பாலத்தில் வண்டிகள் நின்ற நிலையை அன்று ரயிலில் இருந்தபடியே பார்த்தேன்.

ஆனாலும் கணவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசை விடவில்லை. இன்னொரு முறை அழைத்துப் போனார். இந்த முறை நான் சுவரைப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஆனால் மின் இணைப்புச் செருகிகள் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. தரையோரம் ஒன்றுகூட இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறு அறையைத் திறந்தேன். அங்கே மட்டும் சுண்ணாம்பு அடிக்க மறந்திருந்தார்கள். என் மார்பளவில், அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சுவரின் மூன்று பக்கமும் ஓடியது. கோட்டுக்குக் கீழே சுவர் வேறு நிறம். அழைத்து வந்த தரகரிடம் விரலால் காட்டினேன். அவர் தலையைத் தாழ்த்தி, "2011" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து வந்த வெள்ளம் பாங் புவா தோங்கையும் பாங் யையையும் மூழ்கடித்தது. வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அதன் பிறகு வீடுகளைச் செப்பனிட்டவர்கள் செருகிகளை மேலே ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் மறைக்க நினைத்திருந்தால் அந்த அறையையும் பூசியிருப்பார். ஆனால் தரைத்தளத்தில் குழந்தையோடு வாழப்போகிறவர்களிடம் கேட்காமலே சொல்ல வேண்டிய செய்தி அது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முதலில் நான் திறப்பது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கதவைத்தான்.

அடுத்து மாகாண அரசு அலுவலகத்தை ஒட்டி, ஊதாப் பாதையும் இளஞ்சிவப்புப் பாதையும் சந்திக்கும் நிலையத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடி. இளஞ்சிவப்பு மோனோரயில் 2023 நவம்பரில்தான் ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்பதாவது மாடி, வெள்ளப் பயமில்லை, மின்வாரிய ரசீது நேராக வரும், கணவருக்கு மிகவும் வசதி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கட்டத்தில் டி.எம். 30 பற்றிக் கேட்டேன். வெளிநாட்டவர் வந்து தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ரசீது இல்லையென்றால் விசா நீட்டிக்கப் போகும்போது நம்மைத்தான் திருப்பி அனுப்புவார்கள். உரிமையாளர் அதெல்லாம் தனக்கு வேண்டாத வேலை என்று சொல்லிவிட்டார். எழுந்து வந்துவிட்டோம். வருத்தம்தான், ஆனால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது. இங்கே வீடு தேடும் நம்மவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வைப்புத்தொகையும் ஒரு மாத முன்வாடகையும். கொடுத்த பிறகு பேசும் வலிமை நமக்கு இருக்காது.

மே மாத நடுவில் மழை தொடங்கியது. பாக் கிரெட்டில் அந்த வீட்டைக் கொட்டும் மழையில்தான் முதன்முதலில் பார்த்தோம். ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி, சந்தைக்குப் பின்னால், பழைய இரண்டு மாடி வரிசை வீடு. ஓட்டின் ஓரம் பாசி பிடித்திருந்தது. சமையலறை சிறியது. வாடகை 11,000 பாட். படிக்கட்டுக்கு அடியில் கதவைத் திறந்தேன். கோடு எதுவும் இல்லை. நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்த வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அவரை 'பா' என்றுதான் அழைக்கிறோம். நம் ஊர்ப் பெரியம்மாவுக்குச் சமம்.

"தேடாதே, இங்கே தண்ணீர் வரவில்லை" என்றார், உடன் வந்திருந்த என் அலுவலகத் தோழி வழியாக. "நாங்கள் வரவிடவில்லை."

2011இல் பாக் கிரெட் நகராட்சி ஆற்றோரம் மணல்மூட்டைச் சுவர் எழுப்பி நகரைக் காத்த செய்தி நாளிதழ்களில் வந்ததுதான். பாவும் போயிருக்கிறார். பகலில் சாக்கில் மணல் நிரப்புவது, இரவில் டார்ச் விளக்கோடு சுவரில் கசிவு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது. ஆற்றின் நீர்மட்டம் தன் தலைக்கு மேல் நிற்க, சுவருக்கு இந்தப் பக்கம் உலர்ந்த தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன் என்றார். டி.எம். 30 பற்றிக் கேட்டேன். நீங்கள் வந்த அன்றே மருமகன் செய்துவிடுவான் என்றார். சொன்னபடியே நடந்தது.

ஜூனில் குடிவந்தோம். மோனோரயிலில் எனக்கு அலுவலகம் கால் மணி நேரம். கணவருக்கு மூன்று பாதைகள் மாறி ஒன்றேகால் மணி நேரம். இந்த வீட்டுக்காக விலை கொடுத்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலை நாங்களும் நொந்தபுரித் துறையிலிருந்து ஆரஞ்சுக் கொடிப் படகில் (அப்போது பதினாறு பாட்) சாத்தோன் வரை போய், அங்கிருந்து நடந்து, தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் அவரோடு சேர்ந்துகொள்வோம்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் மாலை பா என்னைத் துறைக்கு அழைத்துப் போனார். கடல் ஏற்றம் இங்கேவரை எட்டும். ஆற்றில் வெள்ளமும் சேரும் மாதங்கள் இவை. படித்துறையில் மூன்று படிகள்தான் தெரிந்தன. பழுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவருடைய அண்ணனுக்கு டுரியன் தோட்டம் இருந்ததாம். அப்பா நட்ட மரங்கள். டுரியன் வேர் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. 2011இல் அந்தக் கரையில் சுவர் இல்லை. தண்ணீர் வடிந்து அண்ணன் போய்ப் பார்த்தபோது மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, இலைகள் மட்டும் இல்லை என்றார். பிறகு அந்த நிலத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே வரிசை வீடுகள்.

"நல்ல வீடுகள்தான்" என்றார் பா. "வாடகையும் குறைவு."

மூன்றாவது படியையும் தண்ணீர் மூடும் முன் வீட்டுக்குத் திரும்பினோம்.