கோட்டை வாசலில் இரண்டு மீன்கள்

போன மாதம் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலையில் மூன்று நாள் நின்றோம். நிலாவெளிக் கடல், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் (ஒவ்வொன்றிலும் சூடு வேறு, வாளியால் அள்ளிக் குளிக்க வேண்டும்) எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் எழுத உட்கார்ந்தால் கோட்டை வாசல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான். ஓட்டோக்காரர் மேலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார், நான் வாசலில் இறக்கிவிடச் சொன்னேன். அங்கே இரண்டு மீன்கள் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது, பாண்டியரின் கயல், கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி வந்து பிரிப்பான் என்று சொல்கிற பாட்டு அது என்பார்கள். அம்மம்மாவுக்கு அது மனப்பாடம். வான்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றபடி முழுதையும் சொன்னார்.

பறங்கி வந்தது 1620களில். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு, பிரட்றிக் என்ற பெயர் 1803இல் அவர்கள் வைத்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஏற்றத்தில் நடந்தால் மதிலில் இருக்கும் ஒவ்வொரு பழைய கல்லையும் இது எந்த மண்டபத்தில் இருந்ததோ என்று பார்க்கத் தோன்றும், எனக்குக் கால் நகரவே இல்லை. மரநிழலில் புள்ளிமான்கள் பயமில்லாமல் படுத்திருந்தன. வெலிங்டன் பிரபு தங்கிய வீடும் வழியில்தான், நாங்கள் நிற்கவில்லை.

மேலே போனதும் காற்று ஆளைத் தள்ளியது. 300 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை, அடியில் கருநீலக் கடல், பக்கத்தில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடியபோது அலை முத்துகளைக் கொண்டுவந்து கொழிப்பதைச் சொன்னார், அவர் கடல் கடந்து வராமலே பாடினார் என்பது மரபு. இப்போது அந்த அலைக்குக் கீழே கோயில் தூண்கள் கிடக்கின்றன. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே, 1950இல், நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய கோயிலின் வெண்கலச் சிலைகள், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் எல்லாம் வெளியே வந்தார்கள். இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ அவசர அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும், அந்தக் கைகளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

புதிதாகக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல் நடந்தது. அம்மம்மாவுக்கு அப்போது ஏழு வயது. சனம் நெரிந்தது, கடலைப் பார்த்துப் பயந்து அழுதேன், அவ்வளவுதான் ஞாபகம் என்று பூசை முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு இறங்கினோம். நான் கச்சான் வாங்கப் போய்த் திரும்பினால் ஆளைக் காணவில்லை, வேகமாக வாசலுக்கு வந்தேன். மீன்கள் இருந்த கல்லில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“எங்கட ஐயா அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சு இதிலதான் வச்சவர்” என்றார். “இப்பதான் ஞாபகம் வந்தது.”

போன் வெளிச்சத்தைக் கல்லின்மேல் பிடித்தேன். அவர் விரல் மீனின் வால்வரை போய் வந்தது.