வாசலுக்கு வெளியே இருக்கும் புள்ளிகள்

பசுமைக் கட்டடம் என்று பேச்செடுத்தால் கூரையில் சோலார் தகடு, வெயிலைத் தடுக்கும் கண்ணாடி, கரண்ட் குறைவாக இழுக்கும் ஏசி, மழைநீர்த் தொட்டி இவையெல்லாம்தான் முதலில் வரும். கட்டடங்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது என் வேலை. ஆட்கள் அந்தக் கட்டடத்துக்கு எப்படி வந்து போகிறார்கள் என்ற பேச்சு, பெரும்பாலான கூட்டங்களில் எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில்தான் வரும். அதுவும் நான் கேட்டால்தான்.

இது சின்ன விஷயமே இல்லை. 2007-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒரு சராசரி அலுவலகக் கட்டடம் இயங்கச் செலவாகும் ஆற்றலைவிட, ஊழியர்கள் அங்கே வந்து போகச் செலவாகும் ஆற்றல் சுமார் 30 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஊருக்கு வெளியே, காரில்லாமல் போகவே முடியாத இடத்தில் கட்டிவிட்டு, உள்ளே எல்இடி விளக்கு மாட்டி எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

சான்றிதழ் முறைகள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கின்றன. 1990-ல் பிரிட்டனில் தொடங்கிய பிரீயாம் (BREEAM) முறையில் போக்குவரத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நான் அதிகம் கையாளும், அமெரிக்காவில் உருவான லீட் (LEED) முறையின் 4-ஆம் பதிப்பில், புதுக் கட்டடங்களுக்கான மொத்தம் 110 புள்ளிகளில் 16 புள்ளிகள் இடத்தேர்வுக்கும் போக்குவரத்துக்கும் உரியவை. 40 புள்ளி இருந்தால் சான்றிதழ், 50-க்கு வெள்ளி, 60-க்கு தங்கம், 80-க்கு பிளாட்டினம். 57, 58-ல் நின்றுகொண்டு தங்கத்துக்கு ஏங்கும் கட்டடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எல்லோருக்கும் பஸ் ஸ்டாப் ஞாபகத்துக்கு வரும்.

பஸ் ஸ்டாப் கணக்கு இப்படிப் போகும். கட்டடத்தின் புழக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு வாசலிலிருந்து 400 மீட்டர் நடைதூரத்துக்குள் பஸ் நிறுத்தமோ, 800 மீட்டருக்குள் ரயில் நிலையமோ இருக்க வேண்டும். அங்கே வண்டிகள் எத்தனை முறை வருகின்றன என்பதை வைத்துப் புள்ளி. வண்டி ஒருமுறை வருவது ஒரு நடை. வேலை நாளில் 72 நடை, வார இறுதியில் 40 நடை இருந்தால் 1 புள்ளி. 360-ம் 216-ம் இருந்தால் 5 புள்ளி. ஒரு தடத்தில் ஒரு திசையில் போகும் நடைகளை மட்டும்தான் எண்ண வேண்டும். ஒரே தடத்துக்கு அருகில் இரண்டு நிறுத்தங்கள் இருந்தாலும் ஒன்றைத்தான் சேர்க்கலாம். கால அட்டவணையை விரித்து வைத்து, பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்து எண்ணுவேன். அலுப்பான வேலைதான், ஆனால் எனக்குப் பிடிக்கும். ஒரு கட்டடம் ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

400 மீட்டர் என்பது காகம் பறக்கும் தூரம் இல்லை, கால் நடக்கும் தூரம். ஒரு அலுவலக வளாகத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் பஸ் நிறுத்தத்தின் நிழற்குடை கண்ணெதிரே தெரியும். ஆனால் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர். பிரதான கேட் எதிர்ப்பக்கம். அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசலிலிருந்து கேட்டுக்கு, அங்கிருந்து சுவரைச் சுற்றி, நடைபாதையே இல்லாத திருப்பத்தைத் தாண்டி நிறுத்தத்துக்குப் போனபோது 400 தாண்டி வெகுதூரம் போய்விட்டது. பஸ்ஸில் வரும் ஊழியர்கள் தினமும் இந்தச் சுற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ஒரு சின்ன கேட் திறந்தால் போதும் என்றேன். பாதுகாப்புப் பிரிவு ஒப்பவில்லை. இன்னொரு வழி என்றால் இன்னொரு காவலர், இன்னொரு கேமரா, இன்னொரு தலைவலி. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அடையாள அட்டை காட்டினால் திறக்கும் சுழல்கதவு வைப்பது என்று கடைசியில் முடிவானது. அந்தக் கதவு வந்தபிறகு நடைதூரம் 400-க்குள் அடங்கியது, புள்ளியும் கிடைத்தது. அதைவிட எனக்குத் திருப்தி தந்தது வேறு. சாயங்காலம் அந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போகத் தொடங்கினார்கள். அவர்களில் முன்பு பைக்கில் வந்துகொண்டிருந்தவர்களும் சிலர்.

சைக்கிள் வசதிக்குக் கிடைப்பது 1 புள்ளிதான். அதற்கு உள்ள நிபந்தனைகளோ நிறைய. வழக்கமாக வேலைக்கு வருகிறவர்களில் 5 சதவீதம் பேருக்கு சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும். முதல் 100 பேருக்கு ஒரு குளியலறை, அதற்குமேல் ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொன்று. 400 பேர் அலுவலகம் என்றால் 20 சைக்கிள், 3 குளியலறை. இந்தக் குளியலறையை வரைபடத்திலிருந்து நீக்கத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், இடம் வீணாம். வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குகிறவர் அப்படியே போய் மீட்டிங்கில் உட்கார முடியுமா? குளிக்க இடம் இல்லாத கட்டடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு காலியாகத்தான் கிடக்கும்.

கார் பார்க்கிங்கைக் குறைப்பது, மின்வண்டிக்கு சார்ஜிங் வைப்பது இவற்றுக்கும் புள்ளி உண்டு. சார்ஜிங் என்றால் முதலாளிகள் உடனே சரி சொல்லிவிடுவார்கள், பளிச்சென்று தெரிகிற விஷயம். பார்க்கிங்கைக் குறைக்கச் சொன்னால்தான் முகம் மாறும். என்னைக் கேட்டால் இரண்டில் அதிகப் பயன் பார்க்கிங்கைக் குறைப்பதில்தான். மின்சாரத்தில் ஓடினாலும் ஒரு ஆளுக்கு ஒரு கார் என்றால் அதே இடத்தைத்தான் அடைக்கிறது.

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே என்ன கட்டியிருக்கிறீர்கள் என்பதைவிட, ஆட்கள் நிஜமாகவே எப்படி வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. லீட் முறையின் 2009 பதிப்பிலேயே இது வந்துவிட்டது. தனியாகக் காரில் வந்து போவது 10 சதவீதம் குறைந்தால் 3 புள்ளி, 75 சதவீதம் குறைந்தால் 15 புள்ளி என்று அந்தப் பதிப்பில் இருந்தது. இதற்காக ஊழியர்களிடம் கருத்துக்கணிப்பு எடுப்போம். எந்த வண்டி, எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு, 'ஏன் பஸ்ஸில் வருவதில்லை?' என்ற கேள்வியையும் சேர்ப்பேன்.

காலை பஸ்ஸைப் பற்றிக் குறை வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வருவது ராத்திரியைப் பற்றி. "வேலை முடிய லேட்டானால் எப்படி வீட்டுக்குப் போவது?" "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தால்?" என்றாவது ஒருநாள் வரப்போகும் அந்த அவசரத்துக்காகத்தான் பலர் தினமும் வண்டி எடுக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். பொதுப் போக்குவரத்தில் வருகிறவர்களுக்கு அவசரம் என்றால் அலுவலகமே வாடகைக் கார் ஏற்பாடு செய்து அனுப்பும் என்று ஒரு நிறுவனத்தில் எழுத்தில் கொடுக்க வைத்தோம். மனிதவளத் துறையினர் செலவை நினைத்துப் பயந்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. அது இருக்கிறது என்ற தைரியத்தில் பஸ்ஸுக்கு மாறியவர்கள்தான் அதிகம்.

அப்புறம், கருத்துக்கணிப்புக்கு நிறுவனம் தரும் பட்டியல். துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், கேன்டீன் ஆட்கள் பல நேரம் அதில் இருக்க மாட்டார்கள். ஒப்பந்த ஊழியர்களாம். அவர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். பல வருடமாக பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் வந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயர் ஏறினால் கட்டடத்தின் கணக்கு நேராகும், அந்தக் குளியலறையின் சாவியைக் கேட்க அவர்களுக்கும் உரிமை வரும். ஒரு வளாகத்தில் அப்படிச் சேர்த்தபோது ஒரு காவலர், இரவுப்பணி முடிந்து சைக்கிளில் கிளம்பும் நேரத்தில் ஸ்டாண்டில் விளக்கு எரிவதில்லை என்று எழுதியிருந்தார். டைமரை மாற்றினால் தீருகிற வேலை. மறுநாளே மாற்றினார்கள்.